‘தி இன்வேடர்ஸ்’ தொடரை எப்படிப் பார்ப்பது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேற்றுலகவாசிகள் மனித உருவெடுத்து, யாருக்கும் தெரியாமல் நம்மிடையே குடியேறிவிட்டார்கள் என்ற கதையைப் பல தொலைக்காட்சித் தொடர்கள் சொல்லியிருக்கின்றன. அவற்றுள் முதலில் எதைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு, 1967 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி 1968 மார்ச் 26 அன்று நின்றுபோன ‘தி இன்வேடர்ஸ்’ தொடரையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு சீசன்கள், மொத்தம் 43 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். கதைக்கருவை உருவாக்கியவர் லாரி கோஹன். தயாரித்தது ‘தி ஃப்யூஜிடிவ்’ தொடரைத் தந்த க்வின் மார்ட்டினின் நிறுவனம். நாயகன் டேவிட் வின்சென்ட்டாக நடித்தவர் ராய் தின்னஸ்.

ஆர்வத்தோடு தொடங்கி நான்கைந்து அத்தியாயங்களிலேயே கைவிட்டுவிடுபவர்கள் உண்டு. வாரந்தோறும் ஒரே கதைதானே வருகிறது, இவர் ஓர் ஊருக்குப் போகிறார், ஒரு சதியைக் கண்டுபிடிக்கிறார், யாரும் நம்புவதில்லை, அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார் என்பது அவர்கள் சொல்லும் குறை. பறக்கும் தட்டையும் சண்டையையும் எதிர்பார்த்து உட்கார்ந்தால் அந்தக் குறை நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இந்தத் தொடரின் உண்மையான பொருள் படையெடுப்பு அன்று, சாட்சியம். தான் கண்ட உண்மையைப் பிறருக்கு நிரூபிக்க ஒரு தனிமனிதனுக்கு என்னவெல்லாம் தேவைப்படுகிறது, அது எப்படியெல்லாம் கைநழுவிப் போகிறது என்பதையே 43 அத்தியாயங்களும் வெவ்வேறு கோணங்களில் ஆராய்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியத் தொடங்கும்.

ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்தின்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை வின்சென்ட்டின் கைக்கு என்ன ஆதாரம் கிடைத்தது? அதை அழித்தவர்கள் வேற்றுலகவாசிகளா, மனிதர்களா? அவரை நம்பியவர் அந்த நம்பிக்கைக்காக எதை இழந்தார்? விருப்பமிருந்தால் ஒரு குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். பத்து அத்தியாயங்களுக்குப் பிறகு அந்தக் குறிப்புகளைப் படித்தால், இரண்டாவது கேள்விக்கான விடை நாம் நினைத்ததைவிட அடிக்கடி ‘மனிதர்கள்’ என்றே வந்திருப்பது தெரியும்.

முதல் அத்தியாயத்தைத் தவறவிடக் கூடாது

தனித்தனிக் கதைகளாக அமைந்த தொடர்தான் என்றாலும், ‘பீச்ஹெட்’ என்ற முதல் அத்தியாயத்தைப் பார்க்காமல் வேறெங்கும் தொடங்க வேண்டாம். ஜோசப் சார்ஜென்ட் இயக்கிய இந்த அத்தியாயத்தின் முதல் சில நிமிடங்களில் தொடர் முழுமைக்குமான விதிகள் வகுக்கப்பட்டுவிடுகின்றன.

கட்டடக் கலைஞரான வின்சென்ட் நெடுநேரம் தூக்கமின்றிக் காரோட்டி வந்து, இரவில் குறுக்குவழி தேடிப் பாதை தவறி, மூடிக் கிடக்கும் ஒரு சாலையோர உணவகத்தின் முன்னால் வண்டியை நிறுத்துகிறார். கண் அயரும் நேரத்தில் வெளிச்சமும் ஓசையும் அவரை எழுப்புகின்றன. அவர் கண்ணெதிரே ஒரு விண்கலம் தரையிறங்குகிறது. அவர் காவல்துறையினரிடம் சொல்லி அவர்களை அதே இடத்துக்கு அழைத்து வருகிறார். உணவகம் இருக்கிறது, ஆனால் அவர் சொன்ன பெயர் பலகையில் இல்லை. அருகே முகாமிட்டிருக்கும் இளம் தம்பதியரோ அப்படி எதையும் பார்க்கவில்லை என்கிறார்கள்.

இந்தக் காட்சியை இரண்டு முறை பார்ப்பது நல்லது. முதல் முறை வின்சென்ட்டின் பக்கம் நின்று பாருங்கள்; இரண்டாம் முறை அந்தக் காவல் அதிகாரியின் இடத்தில் நின்று பாருங்கள். தூக்கமில்லாத ஒரு மனிதர், பெயர் பொருந்தாத ஓர் உணவகம், மறுக்கும் இரண்டு சாட்சிகள் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த அதிகாரி நம்ப மறுப்பது முட்டாள்தனமாகத் தோன்றாது. அறிவுள்ள, நேர்மையான மனிதர்களும் உண்மையை நம்ப மறுக்கத் தக்க காரணங்கள் இருக்கும் என்பதை இந்தத் தொடர் இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை, அதனால்தான் அரை நூற்றாண்டைத் தாண்டியும் அது சலிக்காமல் நிற்கிறது என்பது என் கருத்து. அத்தியாயத்தின் பிற்பகுதியில், மக்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்ட கின்னி என்ற சிற்றூரில் நடப்பவற்றை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதன் இறுதித் திருப்பத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் பார்ப்பதே சிறப்பு.

தொடக்கத்தில் வரும் பின்னணிக் குரலையும் முதல் சில அத்தியாயங்களுக்காவது தாவிச் செல்லாதீர்கள். அழிந்துகொண்டிருக்கும் தங்கள் கோளை விட்டு வந்தவர்கள் பூமியைத் தங்கள் உலகமாக்க முயல்கிறார்கள், ஒரே ஒரு மனிதன் அதைப் பார்த்துவிட்டான் என்ற அடிப்படையை அந்தக் குரல் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. டொமினிக் ஃப்ரன்டியரின் இசையும் அங்கிருந்துதான் மனத்தில் பதியத் தொடங்குகிறது.

அடையாளங்களைக் கவனியுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

இந்தத் தொடரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பலருக்கும் தெரிந்த ஒரே செய்தி சுண்டு விரல். மனித உருவெடுத்தவர்களில் சிலருக்குச் சுண்டு விரல் மடங்காமல் விறைத்து நிற்கும். ‘சிலருக்கு’ என்ற சொல்லை மறக்கக் கூடாது. எல்லோருக்கும் அந்தக் குறை இல்லை; தொடர் வளர வளர அந்த அடையாளத்தைக் கதை குறைவாகவே பயன்படுத்துகிறது. விரலை மட்டும் பார்த்து ஆளைக் கணிக்கப் புகுந்தால் வின்சென்ட்டைப் போலவே நாமும் ஏமாறுவோம்.

மற்ற அடையாளங்கள் இன்னும் நுட்பமானவை. அவர்களுக்கு நாடித் துடிப்பு இல்லை, இரத்தம் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு உணர்ச்சியும் இல்லை. மனித உருவம் அவர்களுக்கு நிலையானதன்று. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் குழாய் போன்ற அறைகளுக்குள் நின்று அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் உடல் ஒளிரத் தொடங்கிவிடும். எனவே கதையில் எங்கேனும் மின்சாரம் அளவுக்கு மீறிச் செலவாகிறது, ஆளில்லாத தொழிற்கூடம் இயங்குகிறது என்ற பேச்சு வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு விவரங்களை மட்டும் இன்னும் நெருங்கிப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, அவர்கள் இறக்கும் விதம். உடல் சிவப்பாக ஒளிர்ந்து, எரிந்து, தரையில் ஒரு கரித்தடத்தை மட்டும் விட்டுவிட்டு மறைந்துவிடுகிறது. அன்றைய தொலைக்காட்சித் தொழில்நுட்பத்துக்கு இது எளிய ஒளித்தந்திரம்தான், ஆனால் கதைக்கு இது மிகப் பெரிய பலம். வின்சென்ட் ஒருவரை வீழ்த்தும்போதெல்லாம் தன் கையாலேயே தன் ஆதாரத்தையும் அழித்துவிடுகிறார். உயிரைக் காப்பாற்றிக்கொள்வதும் உண்மையை நிரூபிப்பதும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும்படி கதையைப் பின்னியிருக்கிறார்கள். ஒவ்வொரு சண்டைக் காட்சியிலும் வெற்றிக்குள் ஒரு தோல்வி இருப்பதைக் காணலாம்.

மற்றொன்று, அவர்களுடைய கைக்கருவி. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டத் தகடு, அதில் ஐந்து வெண்ணிற ஒளிப்புள்ளிகள். அதைப் பிடரியில் வைத்து அழுத்தினால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு ஆள் இறந்துவிடுவார். மருத்துவரின் கண்ணுக்கு அது இயற்கையான மரணம். துப்பாக்கிக் காயமோ கதிரியக்கத் தடயமோ இல்லை என்பதால், கொல்லப்பட்டவரின் உடலும்கூட ஆதாரமாக நிற்பதில்லை. முன்னதில் உடலே மிஞ்சுவதில்லை, பின்னதில் உடல் மிஞ்சியும் பயனில்லை. இந்த இரண்டு விதிகளுக்கு நடுவில்தான் ஏறத்தாழ எல்லாக் கதைகளும் நடக்கின்றன.

எந்த அத்தியாயங்களை, எந்த வரிசையில்

நாற்பத்து மூன்றையும் வரிசையாகப் பார்க்க நேரமிருந்தால் ஒளிபரப்பான வரிசையிலேயே பாருங்கள். இல்லையெனில் முதல் சீசனின் 17 அத்தியாயங்களில் பாதியையும், இரண்டாவது சீசனின் 26 அத்தியாயங்களில் சாட்சியம் பற்றிய கதைகளையும் தேர்ந்தெடுத்தால் போதும். எப்படியாயினும் ஒரே மூச்சில் ஐந்தாறு அத்தியாயங்களைப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். வாரம் ஒன்று என்ற கணக்கில் எழுதப்பட்ட தொடர் இது. அடுத்தடுத்துப் பார்த்தால் கதை அமைப்பின் ஒற்றுமைதான் முதலில் கண்ணில் படும், வேறுபாடுகள் மங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு என்பது இன்றைய வாழ்க்கைக்குப் பொருத்தமான வேகம்.

‘பீச்ஹெட்’டை அடுத்து ‘தி எக்ஸ்பெரிமென்ட்’ பாருங்கள். படையெடுப்பு நடப்பதை உலகறியச் சொல்லத் துணியும் ஒரு விஞ்ஞானிக்கும், ராடி மெக்டவால் நடித்த அவருடைய மகனுக்கும் இடையிலான கதை. வின்சென்ட்டைவிடப் பன்மடங்கு மதிப்புள்ள ஒருவர் பேச முன்வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை இரண்டாவது வாரத்திலேயே எழுப்பிவிடுகிறார்கள். அதற்கடுத்த ‘தி மியூட்டேஷன்’ அத்தியாயத்தில், உணர்ச்சி அரும்பிவிட்ட ஒரு வேற்றுலகப் பெண்ணாக சூசன் பிளெஷெட் வருகிறார். எதிரிகள் அனைவரும் ஒரே வார்ப்பில் வந்தவர்கள் என்ற எண்ணத்தை இது இவ்வளவு விரைவில் உடைப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

‘விகோர்’ கதையை விட்டுவிடாதீர்கள். ஜாக் லார்ட் நடித்திருக்கும் தொழிலதிபர், வந்தவர்கள் யார் என்று நன்றாகத் தெரிந்தே அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறார். உண்மை தெரியாததால் மனிதர்கள் உதவாமல் இருப்பது ஒன்று. தெரிந்தும் விலைபோவது வேறு. இந்த வேறுபாட்டைத் தொடர் முதன்முதலில் அழுத்தமாகச் சொல்வது இங்கேதான். மைக்கேல் ரென்னி நடித்த ‘தி இன்னசன்ட்’ அத்தியாயத்தில் எதிரிகள் அச்சுறுத்தலை விட்டுவிட்டு ஆசைகாட்டலைக் கையாளுகிறார்கள்; வின்சென்ட்டின் மனத்துக்கு நெருக்கமான ஒரு கனவையே அவர் முன் விரித்துக் காட்டுகிறார்கள். கட்டடக் கலைஞர் என்ற அவருடைய தொழில் வெறும் அறிமுகக் குறிப்பாக நின்றுவிடாமல் கதைக்கு உயிர் தரும் இடம் அது.

முதல் சீசனில் என்னை மிகவும் கவர்ந்தது ‘தி ஐவி கர்ட்டன்’. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கௌரவமான கல்வி நிலையம். உள்ளே, புதிதாக வந்திறங்கும் வேற்றுலகவாசிகளுக்கு மனிதர்களைப் போல நடந்துகொள்ளவும் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் போலச் செய்யவும் பாடம் நடக்கிறது. அவர்களை அங்கே கொண்டு வந்து சேர்க்கும் விமானியாக ஜாக் வார்டன் நடித்திருக்கிறார். வகுப்பறைக் காட்சிகளில் பின்னணியில் நிற்பவர்களின் முகங்களைப் பாருங்கள். கற்றுக்கொண்டு காட்டும் சிரிப்புக்கும் இயல்பான சிரிப்புக்கும் உள்ள தொலைவை நடிகர்கள் எப்படி அளந்து காட்டுகிறார்கள் என்பது புரிந்தபின், அதற்குப் பிறகு வரும் எல்லா அத்தியாயங்களிலும் துணைப் பாத்திரங்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். ‘வால் ஆஃப் கிரிஸ்டல்’ அத்தியாயத்தில் வின்சென்ட்டின் சகோதரர் கதைக்குள் வருகிறார். குடும்பத்தைப் பணயம் வைத்து ஒருவரின் வாயை அடைப்பது எப்படி என்பதே அதன் பொருள்.

இயற்கைச் சீற்றத்தையும் பூச்சிகளையும் ஆயுதமாக்கும் ‘ஸ்டார்ம்’, ‘நைட்மேர்’ போன்றவை விறுவிறுப்பானவை, ஆனால் நேரம் குறைவாக இருப்பவர்கள் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சீசன் 1967 செப்டம்பரில் தொடங்கியது. இங்கே வரிசை முக்கியம். முதலில் ‘தி சாசர்’: வின்சென்ட்டின் கைக்கு ஒரு முழு விண்கலமே கிடைத்துவிடுகிறது. இதைவிடப் பெரிய ஆதாரம் இருக்க முடியாது என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது, அதைக் காப்பாற்றி வைத்திருக்க எத்தனை பேருடைய நேர்மை தேவைப்படுகிறது என்ற சிக்கலைக் கதை முன்வைக்கிறது. அடுத்து ‘வேலி ஆஃப் த ஷேடோ’: ஒரு சிற்றூரே கண்ணால் கண்டுவிடுகிறது, தனிமனிதனின் சொல் என்று தள்ளிவிட இனி வழியில்லை, அதை எதிரிகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் கதை. அடுத்து ‘தி டிரையல்’: வின்சென்ட்டின் பழைய நண்பர் மீது கொலைக் குற்றச்சாட்டு, ஆனால் கொல்லப்பட்டவரோ மனிதரல்லர், உடலும் மிஞ்சவில்லை. சாட்சியம் என்ற பொருளைத் தொடர் நேரடியாக நீதிமன்றக் கூண்டிலேயே ஏற்றிவிடும் அத்தியாயம் இது. வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையை ஒரு வரியும் விடாமல் கேளுங்கள்.

இவற்றுக்குப் பின் ‘லேபிரிந்த்’. வேற்றுலகவாசி ஒருவரின் மார்பு எக்ஸ்ரே படங்கள் வின்சென்ட்டிடம் கிடைக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு பறக்கும் தட்டுகளை ஆராயும் ஒரு பல்கலைக்கழகக் குழுவை நாடுகிறார். இதைப் பார்க்குமுன் அன்றைய அமெரிக்காவின் பின்னணியைச் சற்றுத் தெரிந்துகொள்வது பயன் தரும். அமெரிக்க விமானப்படை ‘புளூ புக்’ என்ற பெயரில் 1952 முதல் 1969 வரை இத்தகைய காட்சிகளைப் பதிவுசெய்து விசாரித்து வந்தது. 1966-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எட்வர்ட் காண்டன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழுவும் அமைக்கப்பட்டது. தொடர் ஒளிபரப்பான மாதங்களில் அந்தக் குழு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஆதாரத்தை எடுத்துச் செல்லும் கதையை 1967 நவம்பரில் பார்த்த அமெரிக்கருக்கு அது நாளிதழில் படிக்கும் செய்திக்கு மிக அருகில் இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அயல்நாட்டின் கையாளாக இருக்கலாம் என்ற பனிப்போர்க் கால அச்சமும் இந்தக் கதைகளுக்கு அடியில் ஓடுகிறது. ஆயினும் தொடரை வெறும் அரசியல் உருவகமாகச் சுருக்கிவிட வேண்டாம். அப்படிச் சுருக்கினால், ‘தி எனிமி’ அத்தியாயத்தில் காயமடைந்த ஒரு வேற்றுலகவாசிக்கு மருந்திடும் செவிலியின் மனத்தவிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விடும்.

1967 டிசம்பர் 5 அன்று ஒளிபரப்பான ‘தி பிலீவர்ஸ்’ தொடரின் திசையை மாற்றுகிறது. அதுவரை தனித்து நின்ற வின்சென்ட்டைச் சுற்றி நம்புபவர்களின் ஒரு சிறு குழு உருவாகிறது. கென்ட் ஸ்மித் நடித்த எட்கர் ஸ்கோவில் என்ற தொழிலதிபர் அதில் முக்கியமானவர். இந்த மாற்றத்தால் கதை வேகம் பெறுகிறது, பணமும் தொடர்புகளும் வின்சென்ட்டுக்குக் கிடைக்கின்றன. ஆனால் தனிமையின் கனம் குறைந்துவிடுவதால் முதல் சீசனின் இறுக்கம் தளர்கிறது என்றே நான் கருதுகிறேன். அதனால் இந்தப் பகுதியில் ‘தி பிலீவர்ஸ்’, சமாதானப் பேச்சுக்கு முயலும் ‘தி பீஸ்மேக்கர்’, படையெடுப்பையே எதிர்க்கும் இரண்டு வேற்றுலகவாசிகளைக் காட்டும் ‘தி லைஃப் சீக்கர்ஸ்’ ஆகியவற்றை மட்டும் பார்த்தாலும் போதும். ‘தி பீஸ்மேக்கர்’ கதையில் படைத்தளபதியாக வரும் ஜேம்ஸ் டேலியை முதல் அத்தியாயத்தில் வின்சென்ட்டின் தொழில் பங்காளியாகப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் வேறு பாத்திரங்கள், குழம்ப வேண்டாம்.

பார்க்கும்போது கைக்கொள்ள வேண்டியவை

க்வின் மார்ட்டினின் தொடர்கள் ஒவ்வொன்றும் திரையில் எழுத்துப் போட்டு அங்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: நான்கு அங்கங்கள், பின்னர் ஒரு முடிவுரை. விளம்பர இடைவேளைக்காக வந்த இந்த அமைப்பை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டாவது அங்கம் முடிந்ததும் நிறுத்தி, இதுவரை வின்சென்ட் அறிந்தது என்ன, நாம் அறிந்தது என்ன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சில அத்தியாயங்களில் யார் வேற்றுலகவாசி என்பது அவருக்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்டுவிடும். சிலவற்றில் அவரோடு சேர்ந்து நாமும் இருட்டில் நிற்போம். முன்னதில் பதற்றம், பின்னதில் சந்தேகம் என்று எழுத்தாளர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பதைக் கவனிப்பது தொடரை இன்னொரு தளத்தில் ரசிக்க உதவும்.

உரையாடல் முழுவதும் ஆங்கிலத்தில்தான். நடிகர்கள் நிறுத்தி, தெளிவாக உச்சரித்துப் பேசுவதால், ஆங்கில வசன வரிகளையும் திரையில் போட்டுக்கொண்டால், ஓரளவு ஆங்கிலம் அறிந்தவர்களுக்குச் சிரமம் இருக்காது. இரு சீசன்களும் டிவிடி வடிவில் வெளிவந்திருக்கின்றன. முழுத் தொடரும் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. கறுப்பு வெள்ளையில் இருப்பதே பழைய தொடரின் அழகு என்று எண்ணித் திரையின் நிறத்தை நீக்கிவிடாதீர்கள், ஏனெனில் மரணத்தின் அந்தச் சிவப்பு ஒளி கதையின் ஒரு பகுதி. வன்முறை இரத்தமின்றி நடப்பதால் வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம். சிறு குழந்தைகளுக்கு முதல் அத்தியாயமே அச்சமூட்டக்கூடும்.

முடிவைப் பற்றி முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ‘இன்க்விசிஷன்’ என்ற கடைசி அத்தியாயம் இறுதிக் கதையாக எழுதப்பட்டதன்று. ‘தி ஃப்யூஜிடிவ்’ 1967 ஆகஸ்டில் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்து முறையாக நிறைவுற்றது. அதே நிறுவனம் தயாரித்திருந்தும் வின்சென்ட்டுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. படையெடுப்பு முறியடிக்கப்பட்டதா என்ற விடை அங்கே கிடைக்காது. எனவே ‘இன்க்விசிஷன்’ அத்தியாயத்தை முடிவாக எண்ணிக் காத்திருக்காமல், மற்றவற்றைப் போல ஒரு கதையாகவே பாருங்கள்.

1995-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி இதே பெயரில் இரண்டு பகுதிகள் கொண்ட குறுந்தொடர் ஒன்றை வெளியிட்டது. ஸ்காட் பாகுலா அதில் புதிய நாயகனாக வருகிறார். ராய் தின்னஸ் முதுமை எய்திய டேவிட் வின்சென்ட்டாகச் சிறிது நேரம் தோன்றுகிறார். பழைய தொடரின் நுட்பத்தை அதில் எதிர்பார்க்க முடியாது, அதைக் கொண்டு பழைய தொடரை எடைபோடவும் கூடாது. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மனிதர் உயிரோடு இருந்தார், தான் கண்டதை இன்னும் ஒருவரிடம் சொல்ல முயன்றார் என்பது வின்சென்ட்டை நேசித்தவர்களுக்குத் தேவையான செய்தி. அதனால் 43 அத்தியாயங்களையோ நீங்கள் தேர்ந்தெடுத்தவற்றையோ முடித்த பிறகு அதைப் பாருங்கள், அதற்கு முன் பார்க்க வேண்டாம்.